ஆலன் பேஜின் சுண்டுவிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கான்டன் என்றோர் ஊர். அந்நாட்டுக் கால்பந்து வீரர்களுக்கான புகழ் மண்டபம் அங்கேதான் இருக்கிறது. 1963-இல் அதைக் கட்டியபோது, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த உள்ளூர்க் கறுப்பின இளைஞர் ஒருவர் அங்கே கட்டட வேலை பார்த்தார். பெயர் ஆலன் பேஜ்.

அவர்கள் கால்பந்து என்பது நாம் உதைத்து ஆடும் ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். எதிரணியினர் மோதிச் சாய்ப்பார்கள். சாய்ப்பதுதான் பேஜின் வேலை. 1967-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். பந்தை எறிபவருக்கும் ஓடுபவருக்குமே போய்க்கொண்டிருந்த சிறந்த வீரர் விருதை, 1971-இல் தடுப்பாட்டக்காரர் ஒருவர் முதன்முறையாகப் பெற்றார். அவர் இவர்தான். நான்கு முறை சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டம் வரை போய் நான்கிலும் தோற்ற அணி அது. அந்தத் தோல்விகளை வைத்து இவரை அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒருநாள் பயிற்சியாளர் ஆட்டக் குறிப்பேட்டை உரக்க வாசிக்கச் சொன்னார். கல்லூரி வரை போய்வந்த சக வீரர்களில் சிலருக்கு வாசிக்கவே வரவில்லை. பந்து நன்றாக ஆடுகிறான் என்பதற்காகவே வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பேஜின் மனத்தில் அது முள்ளாகத் தைத்தது.

அவரும் சட்டக் கல்லூரியில் முதலில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விலகியவர்தான். மறுபடி சேர்ந்து, ஆடிக்கொண்டே படித்து, 1978-இல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. மனைவி டயேன் புகைப்பழக்கத்தை விட ஓடத் தொடங்க, துணைக்கு இவரும் ஓடி, உடல் இளைத்திருந்தார். அந்த உடம்போடு சிகாகோ பியர்ஸ் அணிக்காக 1981 வரை ஆடினார்.

1988-இல், தாம் வேலை செய்து எழுப்பிய மண்டபத்துக்குள் புகழாளராக நுழைந்தார். மேடையில் தம்மை அறிமுகப்படுத்த அவர் அழைத்தது பயிற்சியாளரையல்ல, ஒரு பள்ளித் தலைமையாசிரியையை. பேசியதும் ஆட்டத்தைப் பற்றியன்று, படிப்பைப் பற்றி.

1992 தேர்தலில் வென்று, மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். 70 வயது நிறைந்து 2015-இல் ஓய்வு பெற்றார்.

1988-இலேயே மனைவியோடு ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். வெள்ளையரல்லாத மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு அது உதவுகிறது. ஆனால் சும்மா தருவதில்லை: பணம் பெறும் மாணவர் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் படிப்பில் துணைநிற்க வேண்டும். இந்த நிபந்தனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்பேடு நினைவுக்கு வருகிறது.

பேஜும் பள்ளிகளுக்குப் போவார். பலமுறை பிசகியதால், இடக்கைச் சுண்டுவிரல் செங்கோணத்தில் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். பிள்ளைகளின் கண் அந்த விரலின் மீதுதான் முதலில் போகும்.

நன்றி, வணக்கம்.