தாத்தா என்ன முணுமுணுக்கிறார்? யூதர்களின் அற்புதமும் தியானமும்

அடுத்த கேள்வி இஸ்ரேலிலிருந்து வந்திருக்கிறது. ஹைஃபாவில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் சகோதரி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"ஐயா, நான் பார்த்துக்கொள்ளும் தாத்தாவுக்கு 86 வயது. கழிவறைக்குப் போய்விட்டு வந்து கை கழுவியதும், வாசலிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாலும் அதை விடுவதில்லை. என்னவென்று கேட்டால், 'அற்புதத்துக்கு நன்றி சொல்கிறேன்' என்று சிரிக்கிறார். செங்கடலைப் பிளந்தது அற்புதம், சரி. இதில் என்ன அற்புதம் இருக்கிறது? அப்புறம், யூதர்களிடம் தியானம் என்று ஒன்று உண்டா?"

பார்க்க இரண்டு கேள்வி. எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவர் சொல்வதற்கு 'அஷேர் யட்சார்' என்று பெயர். "மனிதனை ஞானத்தோடு உருவாக்கினீர், அவனுக்குள் துளை துளையாகவும் குழி குழியாகவும் படைத்தீர், அவற்றில் ஒன்று திறந்துகொண்டாலோ ஒன்று அடைத்துக்கொண்டாலோ உமக்கு முன்னால் நிற்க முடியாது" என்பது அதன் சாரம். யூதர்களின் சட்டமும் விவாதமும் கதையும் சேர்ந்த பழைய தொகுப்பான தல்மூதில், நான்காம் நூற்றாண்டு வாக்கில் பாபிலோனியாவில் வாழ்ந்த அபாயே என்ற ரப்பியின், அதாவது யூத மத ஆசானின், பெயரில் வருகிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் மறுபடி வருவார்.

கழிவறையிலிருந்து வந்த கையோடு கடவுளைக் கூப்பிடுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நீங்கள் சுளிக்க மாட்டீர்கள், சகோதரி. நீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்லாகிவிட்ட ஒரு பெரியவரை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டியூப் போட்ட மறு நிமிடம் அவர் முகம் எப்படித் தெளிகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த வாசகத்துக்கு உரை தேவையில்லை.

அதில் கடைசி இரண்டு சொல், 'மஃப்லி லஅசோத்'. அதிசயமாய்ச் செய்கிறவர் என்று அர்த்தம். கடலைக் கடந்ததும் இஸ்ரவேலர் பாடிய பாட்டிலும் இதே வேர்ச்சொல்தான், 'பெலே'. தமிழ் பைபிளில் யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் 'அற்புதங்களைச் செய்கிறவர்' என்று வருகிறதே, அந்த இடம். கடல் பிளந்ததற்குச் சொன்ன சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து கழிவறை வாசலில் வைத்திருக்கிறார்கள். தாத்தா சிரித்தது அதனால்கூட இருக்கலாம்.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி, தல்மூதுக்கு உரை எழுதியவர், இந்த இடத்துக்கு ஒரு விளக்கம் தருகிறார். ஒரு தோல் துருத்தியில் ஓட்டை விழுந்தால் காற்று நிற்காது. மனித உடம்பிலோ இத்தனை ஓட்டை, ஆனாலும் மூச்சு ஆயுள் முழுக்க உள்ளேயே நிற்கிறது. இதுதான் அதிசயம் என்கிறார். நம்மூரில் 'காற்றடைத்த பை' என்று ஏறக்குறைய இதே உவமையைச் சொல்லி, உடம்பை நம்பாதே என்பார்கள். ராஷி அந்தப் பையைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார்.

சரி, பெரிய அற்புதங்களுக்கு வருவோம். பல ரப்பிகளுக்கு அவற்றின் மேல் ஒரு கூச்சமே உண்டு. தல்மூதில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. ஒருவருடைய மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோகிறாள். பால் கொடுக்க ஒரு செவிலித்தாயை அமர்த்தலாம் என்றால் காசில்லை. அப்போது அற்புதம் நடக்கிறது: அந்த மனிதருக்கே பால் சுரந்து, அவரே குழந்தைக்குக் கொடுக்கிறார். இதைக் கேட்ட ரப்பி யோசேப்பு, "இப்படி ஒரு அற்புதம் நடந்ததென்றால் அவர் எவ்வளவு பெரிய மனிதர்!" என்கிறார். இன்னொருவர் மறுக்கிறார்: "இல்லை, எவ்வளவு தாழ்ந்தவர்! அவருக்காகப் படைப்பின் ஒழுங்கையே மாற்ற வேண்டியதாகிவிட்டதே." அப்படிச் சொன்னவர் அதே அபாயேதான். ஆணுக்குப் பால் சுரந்ததைக் கேட்டு அசையாதவர், கழிவறைக்கு ஒழுங்காகப் போய்வந்ததற்கு நின்று நன்றி சொல்லச் சொல்கிறார். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும்.

எல்லோரும் அபாயே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்த ரம்பான் என்ற ரப்பி, கண்ணுக்குத் தெரிந்த பெரிய அற்புதங்களை வைத்துத்தான் மறைவான அற்புதங்களை ஒப்புக்கொள்ளப் பழகுகிறோம் என்றார். அவர் கணக்கில் கடல் பிளந்தது பாலபாடம். அந்தப் பாலபாடத்திலேயே கோட்டை விட்டவர்களும் உண்டு. மித்ராஷ் என்கிற, ரப்பிகளின் பைபிள் விளக்கக் கதை ஒன்றில், இரண்டு பக்கமும் தண்ணீர் சுவராக நிற்கும்போது, நடுவே நடந்துபோன ரூபனும் சிமியோனும் கால் புதைவதைப் பற்றிப் புலம்புகிறார்கள்: "எகிப்திலும் களிமண், இங்கேயும் களிமண்!"

இப்போது ஒரு விளக்குக் கதை. கலிலேயாவில் ரப்பி ஹனினா பென் தோசா என்று ஒருவர் இருந்தார், பரம ஏழை. ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் மகள் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். ஏனென்று கேட்டால், எண்ணெய்ப் பாத்திரமும் காடிப் (வினிகர்) பாத்திரமும் மாறிப்போய், ஓய்வுநாள் விளக்கில் காடியை ஊற்றி ஏற்றிவிட்டாளாம். அப்பா பதறவில்லை. "அதனால் என்ன மகளே? எண்ணெயை எரியச் சொன்னவர் காடியையும் எரியச் சொல்வார்." விளக்கு மறுநாள் முழுக்க எரிந்தது.

எல்லோரும் காடி எரிந்ததைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு 'எண்ணெயை எரியச் சொன்னவர்' என்ற பாதியில்தான் கதையின் உயிர் இருக்கிறது. எண்ணெய் எரிவது அவருக்கு ஏற்கெனவே ஆச்சரியம். காடி அதற்கு மேல் ஒரு படி, அவ்வளவுதான்.

ஹனுக்கா பண்டிகையிலும் இதே கேள்விதான். கி.மு. 164இல் எருசலேம் ஆலயத்தை மீட்டபோது முத்திரை கலையாத ஒரே ஒரு குப்பி எண்ணெய் கிடைத்தது, ஒரு நாளுக்குப் போதுமானது எட்டு நாள் எரிந்தது என்கிறது தல்மூத். 16ஆம் நூற்றாண்டில் சஃபெத் நகரில் வாழ்ந்த சட்ட அறிஞர் யோசேப்பு காரோ ஒரு கணக்குக் கேட்டார். ஒரு நாளுக்கு எண்ணெய் இருந்தது, அப்படியானால் அற்புதம் ஏழு நாள்தானே? எட்டு நாள் ஏன் விளக்கு ஏற்றுகிறோம்? இதற்குப் பதில்கள் மலைபோலக் குவிந்துகிடக்கின்றன. அதில் ஒன்று: முதல் நாள், எண்ணெய் என்ற ஒன்று எரிகிறதே என்பதற்காக.

தியானம் இந்த இடத்தில்தான் வருகிறது. டிசம்பர் வாக்கில் தாத்தா ஹனுக்கா விளக்கு ஏற்றும்போது கவனியுங்கள். ஏற்றியதும் சொல்லும் வாசகத்தில், "இந்த விளக்குகளைப் பயன்படுத்த எங்களுக்கு உரிமை இல்லை, பார்ப்பதற்கு மட்டுமே" என்று வரும். அந்த வெளிச்சத்தில் காசுகூட எண்ணக் கூடாது. அதனால்தான் 'ஷமாஷ்' என்று ஒரு சுடரைத் தனியாக வைக்கிறார்கள். தப்பித்தவறி வெளிச்சத்தைப் பயன்படுத்தினால் அது ஷமாஷின் கணக்கில் போகட்டும் என்று. ஏற்றிய சுடர் குறைந்தது அரை மணி நேரம் எரிய வேண்டும். அவ்வளவு நேரமும் பெண்கள் வீட்டு வேலை செய்யாமல் உட்காரும் வழக்கம் இருக்கிறது. அரை மணி நேரம் ஒரு சுடரை எதற்கும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

எபிரேயத்தில் ஒரு பெயர் இருக்கிறது: 'ஹித்போனெனூத்', ஒன்றை ஊன்றிக் கவனிப்பது. 12ஆம் நூற்றாண்டு மைமோனிடிஸ், கடவுள்மேல் அன்பும் பயமும் வர என்ன வழி என்று கேட்டுவிட்டு, படைப்பை ஊன்றிப் பார்ப்பதைத்தான் சொல்கிறார். பார்க்கப் பார்க்க முதலில் அன்பும் ஏக்கமும் பொங்கும். அடுத்த கணம், நான் எவ்வளவு சின்னவன் என்று தெரிந்து ஆள் பின்வாங்குவான். இந்தப் பின்வாங்கலுக்கு எபிரேயத்தில் 'யிரா' என்று பெயர். தமிழ் பைபிளில் 'கர்த்தருக்குப் பயப்படுதல்' என்று இருப்பதால் நாம் பிரம்பைப் பார்த்த பையன் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மலை விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது உடம்பில் ஓடுமே ஒரு சிலிர்ப்பு, அதுவும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சப்பணமிட்டு உட்கார்ந்து மனதைக் காலியாக்குவதை நீங்கள் அங்கே அதிகம் பார்க்க முடியாது. யூதர்களின் தியானம் பெரும்பாலும் சொல்லோடு சேர்ந்தது. பழைய காலத்துப் பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் சும்மா காத்திருந்து மனதைக் கடவுள் பக்கம் திருப்புவார்கள் என்று தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா சொல்கிறது. 1810இல் உக்ரைனின் உமான் நகரில் இறந்த ரப்பி நஹ்மான் இன்னொரு வழி காட்டினார், 'ஹித்போதெதூத்'. தனியாகப் போ, முடிந்தால் வயல்வெளிக்குப் போ, உன் தாய்மொழியில் கடவுளிடம் பேசு, வார்த்தை வரவில்லை என்றால் வரவில்லை என்பதையே சொல்லி அழு என்றார். வேலை முடிந்து மொட்டை மாடியில் தமிழில் புலம்பிக்கொண்டு நிற்கும் உங்களுக்கும் அது பொருந்தும், அவர் மொழிக்கு எல்லை போடவில்லை.

ஒரு நாளைக்கு நூறு ஆசி வாசகம் சொல்ல வேண்டும் என்று தல்மூதில் ரப்பி மேயிர் கணக்குச் சொல்கிறார். தண்ணீருக்கு ஒன்று, அப்பத்துக்கு ஒன்று, இடிக்கு, வானவில்லுக்கு என்று போகும். நூறு தடவை சொன்னால் தேய்ந்துபோகாதா? போகும். உதடு மட்டும் அசைகிற பக்தியை ஏசாயா அப்போதே கண்டித்துவிட்டார். அதற்காகத்தான் 'கவானா', மனதை வைத்துச் சொல்வது, என்று தலைமுறை தலைமுறையாக மன்றாடுகிறார்கள். உங்கள் தாத்தாவும் நூற்றில் தொண்ணூறை வாய்ப்பழக்கத்தில் சொல்பவராக இருக்கலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு கை சுவரிலும் ஒரு கை உங்கள் தோளிலுமாக நின்றுகொண்டு சொல்வது அந்தத் தொண்ணூறில் சேருமா என்று எனக்குச் சந்தேகம்.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் 'லஅசோத்' என்று முடிப்பார். அங்கே 'ஆமென்' சொல்லுங்கள், கேட்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் முகம் எப்படி ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள். சரி, அடுத்த கேள்வி.