ஞானஸ்நானக் கணக்கு பார்க்காத மிஷனரி: வில்லியம் மில்லர்

(திரையில்: பழைய சென்னை, எஸ்பிளனேடு)

சிலை என்றால் ஆள் போன பிறகுதான் வைப்பார்கள். 1901-இல் இந்த எஸ்பிளனேடில் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியாருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே சிலை வைத்தார்கள். பெயர் வில்லியம் மில்லர்.

(திரையில்: ஸ்காட்லாந்து வரைபடம்)

1838-இல் ஸ்காட்லாந்தின் வடகோடியில், தர்சோ என்ற ஊரில் பிறந்தவர். 1862-இல் ஃப்ரீ சர்ச் என்ற ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாகச் சென்னைக்கு வந்தார். அவர் கைக்கு வந்தது, ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளி. ஆண்டர்சன் காலத்தில் மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் ஊர் கொதித்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே நிறுத்தினார்கள்.

மில்லர் பைபிள் வகுப்பை விடவில்லை. ஆனால் எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்பதை வைத்துக் கல்லூரியை அளக்கக் கூடாது என்றார். சமூகம் முழுக்கக் கிறிஸ்தவச் சிந்தனை மெல்லப் பரவினால் போதும் என்பது அவர் வாதம்.

சக மிஷனரிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்து மக்கள் போடும் காணிக்கை, மேல்சாதிப் பிள்ளைகள் பட்டம் வாங்கவா? கேள்வியில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே காலத்தில்தான் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாகச் சபைகளில் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

(திரையில்: கல்லூரியின் பழைய கட்டடம்)

மில்லர் அசையவில்லை. பள்ளியோடு கல்லூரி வகுப்புகளைச் சேர்த்தார், பிற மிஷன்களையும் கூட்டுச் சேர்த்தார். 1877-இல் அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. மாணவர் விடுதிகள் வந்தன. சொந்தப் பணத்தையும் போட்டார். ஷேக்ஸ்பியர் என்றால் அவருக்கு உயிர்; லியர் மன்னன் நாடகத்தை வைத்து இந்திய அரசியலைப் பேசும் நூல் ஒன்றை 1900-இல் வெளியிட்டார். பாதிரியாரின் பிரசங்கத்துக்கு இப்படியும் ஒரு மேடை!

இத்தனை விமர்சனத்துக்கும் நடுவே, 1896-இல் ஃப்ரீ சர்ச் அவரைத் தன் பொதுப்பேரவையின் மாடரேட்டராக, அதாவது தலைவராக, உட்கார வைத்தது. திருச்சபையில் அதற்கு மேல் நாற்காலி கிடையாது. 1901 முதல் 1904 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1907-இல் ஓய்வு பெற்றார். 1923-இல் எடின்பரோவில் காலமானார்.

(திரையில்: ராதாகிருஷ்ணன் புகைப்படம்)

மில்லர் ஓய்வு பெறும் காலத்தையொட்டி அந்தக் கல்லூரியில் தத்துவம் படித்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இந்து சமயத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் வைத்த விமர்சனம்தான் தன்னை அதை ஆழ்ந்து படிக்கத் தூண்டியது என்று பின்னாளில் அவரே எழுதினார். மில்லரின் கல்லூரி எதைப் பரப்பியது என்ற விவாதத்தில் இந்த வாக்குமூலத்தை இரண்டு தரப்புமே தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.