ஏவுகணை செய்தில கடலுக்குப் போறவன் எங்க?

(காசிமேட்டுல ஒரு படிப்பகத்துல பேசுனது, பேச்சு பேச்சாவே இருக்கட்டும்னு பெருசா திருத்தல.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிற தம்பிங்க முன்னாடி வாங்கப்பா, மைக் சத்தம் அங்க வராது.

டிவில ஏவுகணை சோதனைன்னா என்ன வார்த்தை வரும்னு கண்ண மூடிட்டே சொல்லிடலாம். விண்ணில் சீறிப் பாய்ந்தது, இலக்கை துல்லியமாக தாக்கியது, அப்புறம் எத்தன கிலோமீட்டர் போகும், கடைசில விஞ்ஞானிகளுக்கு அமைச்சர் பாராட்டு. எந்த சேனல் மாத்துனாலும் இதான், ஏன்னா எல்லாருக்கும் வந்தது ஒரே பிரஸ் ரிலீஸ், வீடியோவும் அவங்க குடுத்தது, ஒடிசா பக்கம் அப்துல் கலாம் தீவுல போய் நெனச்ச நேரத்துக்கு கேமராவோட நிக்க முடியுமா என்ன. அதுக்கு நிருபர திட்டி பிரயோஜனம் இல்ல. ஆனா கைக்கு வந்த ரிலீஸ முழுசா படிக்கலாம்ல? அது கூட நடக்கறதில்ல.

2013 மார்ச் 12, நிர்பய்னு ஒரு க்ரூஸ் ஏவுகணை, ஒடிசால சண்டிப்பூர்ல மொத சோதனை. வெற்றிகரமா ஏவப்பட்டதுன்னு அறிக்கை ஆரம்பிக்கும். கொஞ்சம் கீழ வந்தா, பாதி வழில பாதை விலகுச்சு, கரையோர பாதுகாப்புக்காக அதோட நிறுத்திட்டோம்னு இருக்கும். பொய் ஒண்ணும் இல்லீங்க. கொருக்குப்பேட்டைல படுத்துட்ட ட்ரெயின, சென்ட்ரல்ல கரெக்ட் டைமுக்கு கெளம்புச்சுன்னு சொல்ற மாதிரி, அவ்ளோதான்.

1998 பொக்ரான் அணுகுண்டு சோதனையும் அப்டித்தான். மே 11, 13 ரெண்டு நாள்ல அஞ்சு குண்டு, அதுல ஹைட்ரஜன் குண்டு சுமார் 45 கிலோடன்னு சொன்னாங்க, ஊரே ஸ்வீட் குடுத்துச்சு. நிலநடுக்க கருவி அளவ வச்சு வெளிநாட்டுல அப்பவே சந்தேகம் கேட்டாங்க, இங்க யார் காதுல விழுந்துச்சு? 2009ல அந்த சோதனைலயே டிஆர்டிஓ (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) பக்கம் பொறுப்புல இருந்த கே. சந்தானம், ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த அளவு வெடிக்கலன்னு சொன்னாரு, அணுசக்தித் துறை இல்லவே இல்லன்னுச்சு. யார் சரின்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. அந்தக் கேள்விய இங்க பெருசா பேச 11 வருஷம் ஆச்சே, அத சொல்றேன்.

இப்ப நம்ம மேட்டருக்கு வரேன். சோதனைக்கு முன்னாடியே நோட்டாம்னு ஒண்ணு விடுவாங்க, வங்காள விரிகுடால இங்கேந்து இது வரைக்கும், இந்த தேதி, பிளைட்டு வராதீங்கன்னு, கப்பலுக்கும் தனியா எச்சரிக்கை போகும். அத மேப்ல போட்டு, நீளத்த அளந்து, இது அக்னி ஏவுகணையா வேற எதுவான்னு நெட்ல பசங்க கணக்கு போடறாங்க, சாயந்தரம் சேனல்ல சீனா நடுக்கம்னு ஓடுது. அதே மேப்ல அந்த நாளு வலை போட முடியாதவன் எவன்னு கேட்டு எவனாவது மைக்க நீட்டிருக்கானா? சண்டிப்பூர சுத்தி இருக்கற கிராமத்து ஜனங்கள சோதனை அன்னிக்கு வெளியேத்தி நாள் காசு குடுக்கறாங்க, அது நம்ம ஊரு செய்திக்கு வர்றதுக்குள்ள கட் ஆயிடுது. ஏன் அவ்ளோ தூரம், ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட் விட்டா (அது ஆயுதம் இல்ல, இருந்தாலும்) பழவேற்காட்டு ஆளுங்க கடலுக்குப் போகக்கூடாது, நாம மொட்ட மாடில நின்னு கை தட்றோம்.

ஒரே ஒரு கதை சொல்லி முடிச்சிக்கறேன். 1954 மார்ச் 1, பசிபிக் கடல்ல பிகினி தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடிச்சுது, பேரு காசில் பிராவோ, ஆறு மெகாடன் மாதிரி வரும்னு நெனச்சது 15 மெகாடன் வந்துச்சு (ஒரு மெகாடன்னா ஆயிரம் கிலோடன்). பத்து நாள் கழிச்சு அவங்க அணுசக்தி கமிஷன் என்ன சொல்லுது, வழக்கமான சோதனைதான், 236 தீவுக்காரங்களும் 28 அமெரிக்கர்களும் கொஞ்சம் கதிர்வீச்சுல பட்டாங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க. எல்லா பேப்பரும் அத அப்டியே போட்டிருக்கும். ஆனா தடை பண்ண எல்லைக்கு வெளிய சூரை மீன் புடிக்கிற ஜப்பான் படகு ஒண்ணு நின்னுச்சு, பேரு லக்கி டிராகன், அதுல 23 பேரு. மேல வெள்ள சாம்பல் கொட்டுச்சு, அத கையால அள்ளி தொடச்சிக்கிட்டே தூண்டில் கயித்த இழுத்தாங்க பாவம். 14ம் தேதி யாயிசு துறைமுகத்துக்கு வந்தாங்க, 16ம் தேதி யொமியூரி பேப்பர்ல செய்தி வெடிச்சுது. விஷயத்த புடிச்சது டோக்கியோ பெரிய நிருபரும் இல்ல வாஷிங்டன்காரனும் இல்ல, அந்த மீன்புடி ஊருல இருந்த உள்ளூர் நிருபர். வழக்கமான சோதனைன்னு சொன்னதெல்லாம் அன்னிக்கே கிழிஞ்சுது, மார்க்கெட்ல சூரைய வாங்க ஆளில்ல, டன் டன்னா பொதைச்சாங்க. ரேடியோ ஆப்பரேட்டர் குபோயாமா செப்டம்பர் 23ல செத்துட்டாரு. 55 ஜனவரில அமெரிக்கா ஜப்பானுக்கு 20 லட்சம் டாலர் குடுத்துச்சு, சட்டப்படி பொறுப்பு யாருதுங்கற பேச்சே எடுக்காம.

சரி, டீ வந்துடுச்சு. கேள்வி இருக்கறவங்க கேளுங்க, மொதல்ல போட்டுக்குப் போற அண்ணமாருங்க கேட்டா நல்லாருக்கும்.