நான்காவது இணையில் குழம்பும் கணக்கு

நண்பர்களே, டி.என்.ஏ.வில் மின்சுமை எப்படி நகர்கிறது என்று பார்க்க, இரண்டே கார இணைகள் (இரு இழைகளையும் ஏணிப்படிபோல் இணைக்கும் மூலக்கூறு ஜோடிகள்) கொண்ட துண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே குவானின்–சைட்டோசின். இணைகளுக்கிடையே இடைவெளி 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), இந்த இடைவெளியில் அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் 29 லட்சம் இணைகள் அடங்கும்.

முதல் இணையிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் அங்கே நேர்மின் துளை ஒன்று, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடம், மிஞ்சும். அது எங்கே போகும்? இதைக் கணக்கிட இரண்டே எண்கள் போதும்: ஒவ்வொரு இணையின் ஆற்றல், பக்கத்து இணைக்குத் தாவும் வலிமை. இரண்டு இணைகளின் ஆற்றலும் சமம், தாவும் வலிமை 0.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) என்று வைப்போம். துளை முழுசாக அடுத்த இணைக்குப் போய், முழுசாகத் திரும்பி வருகிறது. போய்வர ஆகும் நேரம் 21 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). அதிர்வெண் 48 டெராஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 லட்சம் கோடி முறை.

சரி, இரண்டாவது இணையை அடினின்–தைமின் ஆக்குவோம். ஆற்றல் வித்தியாசம் 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்றால், அதே தாவும் வலிமையில் அதிர்வெண் 87 டெராஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. ஆனால் துளை அந்தப் பக்கம் இருக்கும் வாய்ப்பு 31 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. ஓட்டம் கூடுகிறது, சுமை போய்ச் சேரவில்லை! வேகமாக ஆடுவதை நல்ல மின்கடத்தல் என்று நினைத்து நானும் ஆரம்பத்தில் ஏமாந்திருக்கிறேன்.

ஒரே மாதிரி மூன்று இணைகள் வைத்தால்? அதுவும் ஒழுங்குதான்: 29 ஃபெம்டோ நொடியில் கடைசி வரை போய்த் திரும்பிவிடும். நான்கில்தான் வேடிக்கை. அங்கே இரண்டு அலைவுகள் கலக்கின்றன. அவற்றின் ஆற்றல் மட்டங்கள் தாவும் வலிமையின் 1.618 மடங்கு, 0.618 மடங்கு. ஆமாம், பொன் விகிதமேதான். இந்த இரண்டின் விகிதம் பின்னமாக அடங்காது. அதனால் துளை புறப்பட்ட நிலைக்கு மிக நெருக்கமாக வரும். அச்சு அசலாக ஒருநாளும் திரும்பாது.

இதெல்லாம் அசையாத, தனியான துண்டுக்கு. தண்ணீரும் அயனிகளும் சூழ்ந்து, காரங்களும் ஆடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சீரான அலைவு சீக்கிரம் கலைந்துவிடும். அப்புறம் துளை குவானினில்தான் தங்கப் பார்க்கும். நான்கு காரங்களில் எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது அதுதான். அதிலும் இரண்டு குவானின்கள் ஒரே இழையில் அடுத்தடுத்து இருந்தால், ஆக்சிஜனேற்றச் சேதம் பெரும்பாலும் 5' முனை (இழையின் இரு முனைகளில் ஒன்று) பக்கத்துக் குவானினில் விழுவதைச் சோதனைகள் காட்டுகின்றன. அப்படியானால் முதல் கணக்கில் இரண்டு இணைகளும் சமம் என்று போட்டேனே, அதையே திருத்த வேண்டும்.