சரிவு நிலத்தில் பிளாக் தடுப்புச் சுவர்: முதலில் தண்ணீருக்கு வழி

வணக்கம் நண்பர்களே. சரிவான மனையில் கான்கிரீட் பிளாக்கை அடுக்கியே தடுப்புச் சுவர் எழுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுப்பலாம். இதில் சிமெண்ட் கலவையே கிடையாது. ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்வாங்கி, மண் பக்கம் சாய்ந்தபடி ஏறும். ஆனால் பிளாக்கின் நிறத்தையும் டிசைனையும் பார்ப்பதற்கு முன்னால், சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 2 மீட்டர் உயரச் சுவர், பின்னால் சமதளமாக மணற்பாங்கான மண். அது காய்ந்திருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1.2 டன் தள்ளும். அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் தேங்கினால் 2.6 டன் ஆகிவிடும். பெருமழைக்குப் பிறகு சுவர் வயிறு தள்ளுவது பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் பிளாக்குக்குப் பின்னால் குறைந்தது 300 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தூள் இல்லாத ஜல்லி போடுங்கள். ஜல்லிக்கு அடியில், தண்ணீர் வடிய, துளைகள் உள்ள குழாய். அதன் வாய் வெளியே திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்கு முன்பும் பாருங்கள். சுவருக்கு மேலே சரிவில் இறங்கி வரும் நீரையும் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும். தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டாதீர்கள், அது நீரை விடவே விடாது.

அப்புறம் உயரம். உயரம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. பிளாக்கின் எடை மட்டும் தாங்காத உயரத்துக்கு ஜியோகிரிட் வலை வேண்டும், அதாவது பிளாக் வரிசைகளுக்கு இடையிலிருந்து பின்னால் மண் அடுக்குகளுக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் வலை. அதன் நீளம் சுவர் உயரத்தில் 60 முதல் 70 சதவீதம், மேலே சரிவு இருந்தால் இன்னும் கூடும். ஒரு திசையில் மட்டுமே வலுவுள்ள வலையின் சுருளைச் சுவர் நெடுக உருட்டிப் போவது வேலைக்குச் சுலபம், ஆனால் தப்பு. வலு சுருளின் நீளவாக்கில் இருக்கும், ஆகவே சுவரிலிருந்து மண்ணுக்குள் நேராக விரியுங்கள். மண்ணை 150 முதல் 200 மில்லிமீட்டர் அடுக்காகப் போட்டு இறுக்குங்கள். சுவரை ஒட்டி 1 மீட்டருக்குள் கனமான ரோலர் வரக்கூடாது, கையால் தள்ளும் கம்பாக்டர் போதும்.

ஒரே உயரச் சுவருக்குப் பதில் இரண்டு படியாகக் கட்ட நினைத்தால், கீழ்ச்சுவர் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி மேல்சுவரை வையுங்கள். நெருங்கினால் அதன் பாரமும் கீழ்ச்சுவர்மேல்தான். சுவருக்குக் கீழேயும் நிலம் சரிந்தால் சரிவே மொத்தமாக நழுவுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு மண் பரிசோதனையும் பொறியாளரும் கட்டாயம்.