மாமர நிழலில் விழுந்த வளையங்கள்

யாழ்ப்பாண நேயர்களுக்கு வணக்கம்.

2010 ஆம் ஆண்டு, பொங்கலுக்கு மறுநாள். மதியம் திரும்பிய வேளையில் எங்கள் வளவு மாமரத்தின் கீழ் மண்ணெல்லாம் வளையம் வளையமாக வெளிச்சம். இலை இடுக்கு ஒவ்வொன்றும் கங்கண சூரிய கிரகணத்தைத் தரையில் வரைந்து காட்டியது. கிரகணம் விடும்வரை அம்மா அடுப்பு மூட்டவில்லை. நான் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேற்று விண்மீன்களின் கோள்களைத் தேடுகிறவர்களும் ஒருவகையில் கிரகணம் பார்ப்பவர்கள்தான். கோள் தன் விண்மீனின் குறுக்கே வரும்போது ஒளி சற்றே மங்கும். எவ்வளவு? நமது பூமி சூரியனைக் கடப்பதை வெகு தொலைவிலிருந்து ஒருவர் பார்த்தால், ஒளியில் 12,000 இல் ஒரு பங்குதான் குறையும். நல்லூர்த் திருவிழாவில் 12,000 விளக்குகள் எரிய, அதில் ஒன்று அணைந்ததைக் கீரிமலையில் நின்று கண்டுபிடிப்பதுபோல! தரையிலிருந்து இது ஆகிற காரியமல்ல. விண்மீன் மினுங்குவது விண்மீனின் குணமல்ல, இடையிலுள்ள நமது காற்றின் குணம்.

ஆகவே 2009 இல் கெப்ளர் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினார்கள். அபிஜித் விண்மீனுக்கு அருகே வானத்தின் ஒரே துண்டை, அதிலுள்ள ஒன்றரை இலட்சம் விண்மீன்களை, நான்கு ஆண்டுகள் கண்கொட்டாமல் பார்த்தது அது. பூமியைப் போன்ற கோள் ஆண்டுக்கு ஒருமுறைதான் குறுக்கே வரும். மூன்று முறை மங்கினால்தான் நம்பலாம் என்றால் மூன்றாண்டுக் காத்திருப்பு.

பத்திரிகைகளில் நீலக் கடலும் செம்மலையுமாக வருகிற படங்கள் ஓவியர் வரைந்தவை. அவற்றைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆய்வாளர் கையில் இருப்பது விண்மீன் ஒளியின் அளவைக் காட்டும், சரிந்து நிமிர்கிற ஒரு கோடு மட்டுமே. அந்தக் கோடு சொல்வதும் கோள் தன் விண்மீனில் எத்தனை பங்கு என்பதைத்தான். விண்மீனின் பருமனைப் பிழையாக அளந்தால் கோளின் பருமனும் பிழைத்துவிடும். கோள் தேடப் போனவர்கள் விண்மீனைப் படிக்க உட்கார்ந்தது இப்படித்தான்.

கோளைச் சுற்றிக் காற்றுப் படலம் இருந்தால், விண்மீன் ஒளியில் சிறிது அதன் வழியே வடிந்து வரும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால் என்ன வாயு என்று சொல்லலாம். சுமார் 700 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள வாஸ்ப் 39 பி என்ற கோளில் காபனீரொட்சைட்டு இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 இல் இப்படித்தான் தெளிவாகக் காட்டியது.

பெரிய கோள், எளிய வேலை. டிராப்பிஸ்ட் 1 என்ற விண்மீன் அப்படியல்ல. 40 ஒளியாண்டு தொலைவில், ஏறக்குறையப் பூமியளவில் ஏழு கோள்கள். உள்ளே இருக்கும் முதலிரண்டிலும் தடித்த காற்று மண்டலத்துக்கான அடையாளம் தென்படவில்லை. மற்றவற்றைப் பார்க்கலாம் என்றால் அந்தச் சிறிய செவ்விண்மீன் சும்மா இருப்பதில்லை. அடிக்கடி சீறுகிறது, மேனியெல்லாம் கறை. ஒளியில் தெரிகிற மாற்றம் கோளின் காற்றா, விண்மீனின் கறையா என்று பிரித்தறிவதிலேயே ஆய்வாளர்களின் பொழுது போகிறது.

வணக்கம்.