189 லாக், 242 கிலோமீட்டர்: பழைய டச்சு பார்ஜ்ல பர்கண்டி கால்வாய்

வணக்கம் மக்களே. இன்னிக்கு நேரா கணக்குக்குப் போயிடுவோம். பிரான்ஸ்ல இருக்கிற பர்கண்டி கால்வாய், மிஜென்ல யோன் ஆத்துல ஆரம்பிச்சு சாங் ழான் த லோன்ல சோன் ஆத்துல முடியுது. 242 கிலோமீட்டர், 189 லாக். வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்னு வைங்க, ஓடுற நேரம் மட்டும் 40 மணி. லாக்குக்கு 15 நிமிஷம்னு போட்டா, அதுவே 47 மணி. ஆக, ஓடுறத விட ஏறி எறங்கற நேரம்தான் ஜாஸ்தி. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினா 15 நாள். "ஒரு வாரத்துல முடிச்சுடலாமா?"ன்னு கமெண்ட்ல கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். முடியாது.

லாக்னா என்னன்னு புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி. ரெண்டு பக்கமும் கதவு வச்ச கல் தொட்டி. உள்ள படக விட்டு, தண்ணிய ஏத்தினா படகும் ஏறும், வடிச்சா எறங்கும். இங்க இருக்கிற தொட்டி 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம். ஃப்ரெய்சினேன்னு ஒரு மந்திரி, 1879ல சட்டமா கொண்டு வந்த அளவு. பிரான்ஸ்ல நெறைய கால்வாய்ங்க இந்த அளவுலதான் ஓடுது. ஒரு தடவ ரெண்டரை மீட்டர் ஏத்தணும்னா சுமார் 5 லட்சம் லிட்டர் தண்ணி மேலேர்ந்து வரணும். அதனாலதான் பின்னாடி இன்னொரு படகு வருதுன்னா லாக் கீப்பர் உங்கள நிறுத்தி வச்சு ரெண்டையும் சேத்து அனுப்புவார். கோவிச்சுக்காதீங்க. அந்தத் தண்ணி மலை மேல இருக்கிற பாந்தியே, க்ரோபுவா மாதிரி ஏரிங்கள்லேர்ந்து வருது. கோடைல ஏரி வத்தினா, எவ்வளவு ஆழம் முங்கற படக விடலாம்ங்கிற அளவையே குறைச்சுடுவாங்க. உங்க படகு 1.2 மீட்டருக்குள்ள முங்கினா நிம்மதி.

சரி, படகு. நான் சொல்லப் போறது லக்ஸ்மோட்டர். 1920, 30கள்ல ஹாலந்துல சரக்கு ஏத்த கட்டினது. மூக்கு செங்குத்தா நிக்கும், எஞ்சினும் ஓட்டுறவர் வீடும் பின்னாடி, நடுவுல சரக்குத் தொட்டி. அந்தத் தொட்டியத்தான் இப்ப ஹால், கிச்சன், பெட்ரூம்னு மாத்தியிருக்காங்க. 20 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா, 19.9 அந்த மாதிரி இருக்கிறதா தேடுங்க. 20ஐத் தாண்டினா படகுக்குத் தனி டெக்னிக்கல் சர்டிஃபிகேட், ஓட்டுறவருக்குப் பெரிய லைசென்ஸ். நல்ல படகையே நடுவுல வெட்டிச் சின்னதாக்கறதெல்லாம் சும்மா இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி படக கரையேத்தாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. அடித் தகட்டுக்கு அல்ட்ராசவுண்ட் வச்சு கட்டம் கட்டமா தடிமன் எடுக்கணும். வழக்கமா இன்சூரன்ஸ்காரங்க கேக்கறது 4 மில்லிமீட்டர். எங்க தேயும்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க: தண்ணி மட்டத்துக் கோடு, அடி வளையற இடம், எஞ்சின் ரூமுக்குக் கீழ. கடைசியா சொன்னது உள்பக்கத்துலேர்ந்து அரிக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். பாத்ரூமுக்கு அடியில எட்டிப் பாக்க வழியே இல்லாம தரை போட்டிருந்தா, அங்கதான் மொதல்ல டார்ச் அடிக்கணும்.

தகடு மெலிஞ்சிருந்தா மேலயே இன்னொரு தகட வெல்டு பண்ணிடுவாங்க. இன்சூரன்ஸ் ஒத்துக்கும், எனக்கு அவ்வளவா பிடிக்காது. 5 மில்லி தகடு ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 40 கிலோ. 20 சதுர மீட்டர் ஒட்டினா 800 கிலோ ஏறிடும், அந்த அளவுக்குப் படகும் தாழும். ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஈரம் மாட்டிக்கிட்டா அது வெளிய தெரியாமலே அரிக்கும். இன்னொண்ணு, இது ரிவெட் அடிச்ச படகு, அதாவது தகடுகள ஆணி மாதிரி அடிச்சு இணைச்சது. ரிவெட்டுக்குப் பக்கத்துல வெல்டிங் சூடு பட்டா, பல வருஷமா இறுகி இருந்த ரிவெட் லூசாகி கசிய ஆரம்பிக்கும். ஒரு இடத்துல வெல்டு வச்சா பக்கத்து வரிசையையும் பாக்கணும். உள்பக்கம் ஃபோம் அடிச்சிருந்தா, வெல்டிங் அப்போ அத சுரண்டி எடுத்துட்டு, உள்ள ஒரு ஆள் தண்ணியோட நிக்கணும். அது தீப்பிடிக்கும்.

சரக்கு இல்லாத சரக்குப் படகு தண்ணிக்கு மேல ஒசந்து நிக்கும். பாலத்துல இடிக்கும். அதுக்குத்தான் உள்ள கான்க்ரீட் கட்டைய அடுக்கறது. மொத்தமா கலவைய ஊத்தி மூடிடாதீங்க, அடித் தகட்ட அப்புறம் பாக்கவே முடியாது. தனித்தனிக் கட்டையா, கையால தூக்கி நகத்தற மாதிரி வைங்க. இந்தக் கால்வாய்ல உயரத்த முடிவு பண்றது உச்சியில இருக்கிற புயி சுரங்கம். 3.3 கிலோமீட்டர் நீளம், ஒருவழி, உயரம் 3.1 மீட்டர். ஓட்டுறவர் நிக்கிற சுக்கான் கூண்டு மடங்கற மாதிரி இருக்கணும். லைஃப் ஜாக்கெட்டும், முன்னாடி அடிக்கிற நல்ல லைட்டும் இல்லாம உள்ள போகாதீங்க. பழைய காலத்துல மின்சார இழுவைப் படகு ஒண்ணு சங்கிலியப் பிடிச்சு எல்லாரையும் இழுத்துட்டுப் போச்சு. அத இன்னைக்கும் புயி ஊர்ல வச்சிருக்காங்க, ஜப்பான் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் போட்ட கூரைக்குக் கீழ.

இப்ப லாக்குக்குள்ள போற விஷயம். இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

50 டன் இரும்புக்கு பிரேக் கிடையாது. லாக்குக்கு 100 மீட்டர் முன்னாடியே நியூட்ரல். படகு 4 மீட்டர் அகலம்னா ரெண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர்தான் இடம். ரிவர்ஸ் போட்டா நிக்கும், ஆனா பின்பக்கம் ஒரு பக்கமா ஒதுங்கும். முன்னாடி போறப்ப வலது பக்கம் சுத்தற புரொப்பல்லர்னா, ரிவர்ஸ்ல பின்பக்கம் இடது பக்கம் போகும். அதனால இடது சுவர்ல கட்டறது சுலபம், படகே தானா போய் ஒட்டிக்கும். உங்க புரொப்பல்லர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு, யாரும் இல்லாத நீட்டு ஓட்டத்துல மொதல்ல பாத்துக்கோங்க.

மேல ஏறும்போது சுவர் தலைக்கு மேல இருக்கும். லாக் கீப்பர் கொக்கி விட்டு கயித்த வாங்கி, பொல்லார்டுல, அதாவது கரையில நட்டிருக்கிற கட்டுத்தூண்ல, சுத்தி உங்ககிட்டயே திருப்பிக் குடுப்பார். இங்க பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு வரேன். கயிறு படகோட நடுப்பகுதியிலேர்ந்து கெளம்பி, பின்னாடி இருக்கிற பொல்லார்டுக்குப் போகுது. எஞ்சின் மெதுவா முன்னாடி தள்ளுது, கயிறு பின்னாடி பிடிக்குது. ரெண்டும் சேந்து படக சுவரோட அழுத்திடும். ஒரே கயிறு போதும். மேல் கதவு மடையத் தொறந்ததும் தண்ணி கொதிக்கிற மாதிரி வரும், படகு மூக்கு ஆடும். மடைய மொதல்ல பாதிதான் தொறக்கச் சொல்லுங்க. ஏற ஏற கயித்துல தொய்வு வரும், அத இழுத்துக்கிட்டே இருக்கணும்.

கீழ எறங்கறது பாக்க சாது. ஆபத்து அங்கதான். மேல் கதவுக்கு அடியில ஒரு கல் திட்டு தொட்டிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி நெறஞ்சிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. சுக்கான் அது மேல நின்னுச்சுன்னா, தண்ணி எறங்க எறங்க பின்பக்கம் திட்டுல தொங்கும், முன்பக்கம் மட்டும் எறங்கும். அப்புறம் தண்ணி மூக்கு வழியா உள்ள வரும். 20 மீட்டர் படகுக்கு 39 மீட்டர் தொட்டியில இடத்துக்குப் பஞ்சமில்ல, தாராளமா முன்னாடி தள்ளி நில்லுங்க. கயித்த முடிச்சுப் போடவே கூடாது. பொல்லார்ட ஒரு சுத்து, மறுமுனை கையில. கண்ணி, முடிச்சு எதுவும் இல்லாத வழுவழு முனையாத்தான் இருக்கணும், இல்லன்னா பொல்லார்டுல மாட்டிக்கும். மாட்டிக்கிட்டா படகு கயித்துல தொங்கும். கத்துங்க, மடைய மூடச் சொல்லுங்க. கைக்கெட்டற தூரத்துல கூரான கத்தி ஒண்ணு எப்பவும் சொருகி இருக்கட்டும். கயித்துக்கும் பொல்லார்டுக்கும் நடுவுல வெரல விட்டுடாதீங்க.

இந்தக் கால்வாய்ல பெரும்பாலும் ஆளு வச்சுத் தொறக்கறதுதான், கீப்பர் வண்டியில உங்ககூடவே லாக் லாக்கா வருவார். முந்தின நாளே எத்தன மணிக்குக் கெளம்புவீங்கன்னு சொல்லிடணும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கதவு தொறக்காது. மத்த கால்வாய்ங்கள்ல ஆட்டோமேட்டிக் லாக் வரும். அங்க சுவர்ல ரெண்டு கம்பி: நீலத்தத் தூக்கினா வேலை ஆரம்பம், சிவப்பு அவசரத்துக்கு. வெளிய லைட்டு: சிவப்பும் பச்சையும் சேந்து எரிஞ்சா தயாராகுதுன்னு அர்த்தம், ரெண்டு சிவப்புன்னா லாக்கே வேலை செய்யல. சுவர்ல இடிக்காம இருக்க பக்கத்துல தொங்க விடற ஃபென்டருக்கு பழைய டயர் வேண்டாம். அறுந்து விழுந்தா மூழ்கிப் போய் கதவ மூட விடாது.

ஓட்டும்போது திரும்பிப் பாருங்க. பின்னாடி அலை கரையில ஒடையுதுன்னா வேகம் ஜாஸ்தி. ஆழம் கம்மியான தண்ணியில ஆக்சிலரேட்டர் குடுத்தா பின்பக்கம்தான் கீழ அமுங்கும், வேகம் ஏறாது, டீசல்தான் போகும். புரொப்பல்லர்ல பாசி சுத்திக்கிட்டா பத்து செகண்டு ரிவர்ஸ் குடுங்க, பாதி நேரம் உதறிடும். எஞ்சினக் குளிர வைக்க கால்வாய்த் தண்ணிய உறிஞ்சற டைப்புன்னா இலையுதிர் காலத்துல தெனமும் ஃபில்டரத் தொறங்க. எக்ஸாஸ்ட்ல தண்ணி கம்மியா வந்தா உடனே நிறுத்துங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா: உள்நாட்டு நீர்வழிக்கான ஐசிசிங்கிற சர்வதேச படகு லைசென்ஸ், செவ்னிங்கிற ஐரோப்பிய நீர்வழி ரூல் புத்தகம் படகுல, இன்சூரன்ஸ், பிரான்ஸ் நீர்வழித்துறையோட விக்னெட், அதாவது கட்டணம் கட்டின சீட்டு. இந்திய பாஸ்போர்ட்டுல டூரிஸ்ட் விசான்னா ஷெங்கன்ல 180 நாள்ல 90 நாள்தான், சீசன் முழுக்க இருக்க முடியாது. வாங்கலாமான்னு யோசிக்கறவங்க மொதல்ல ஒரு வாரம் வாடகைப் படகு எடுங்க. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம், கம்பெனியே சொல்லிக் குடுத்து தற்காலிக அட்டை ஒண்ணு குடுக்கும்.

ராத்திரி கட்டறதுக்கு, மாட்டுக்கு அடிக்கிற முளை மாதிரி ஒரு மீட்டர் இரும்பு முளை, ரெண்டு. கயிறு இழுக்கற திசைக்கு எதிர்ப்பக்கமா சாச்சு அடிங்க. முன்னாடி, பின்னாடி கட்டினா மட்டும் போதாது, குறுக்கா ரெண்டு கயிறு வேணும். பெரிய படகு ஒண்ணு கடந்து போனா தண்ணி மொதல்ல இழுக்கும், அப்புறம் தள்ளும், அந்த ஆட்டத்துல முளையே பிடுங்கிக்கும். மரத்துல கட்டாதீங்க, கரைப்பாதைக்குக் குறுக்க கயித்த விடாதீங்க, சைக்கிள்காரங்க விழுவாங்க.

எஞ்சின் அணைச்சதும் கீழ எறங்கி இதப் பாருங்க. புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளிய போற இடம். நம்ம ஊர் பம்ப்செட்டுல கிளாண்ட் கயிறு போடுவோமே, அதேதான். ஓடும்போது சொட்டுச் சொட்டா விழுந்தா நல்லது, அந்தத் தண்ணிதான் குளிர வைக்குது. சொட்டே விழாம கை வைக்க முடியாத அளவுக்குச் சூடா இருந்தா நட்ட ஓவரா முறுக்கியிருக்கீங்க. இப்ப நின்னாச்சு, இந்த கிரீஸ் கப்ப இப்படி ஒரு சுத்து, கை கனமா ஆகற வரைக்கும். சொட்டு நிக்குது, பாருங்க. நின்னுடுச்சு. இனி மேல போய் சமைக்கலாம்.